ஸ்விட்சர்லாந்து ரயில் பயணம்: பாஸா, பாதிக் கட்டண அட்டையா?

போன வாரம் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தன் பயணத் திட்டத்தை அனுப்பியிருந்தார். மனைவி, அம்மா, இரண்டு குழந்தைகளோடு எட்டு நாள் ஸ்விட்சர்லாந்து. லூசர்னில் மூன்று இரவு, இன்டர்லாக்கனில் நான்கு இரவு. கடைசி வரியில் இப்படி எழுதியிருந்தார்: “பெரியவங்க மூணு பேருக்கும் ஸ்விஸ் டிராவல் பாஸ் போட்டுடலாம்னு இருக்கேன் அக்கா. போட்டுட்டா எல்லாமே ஃப்ரீதானே?”

அதைப் படித்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. முதல் பயணத்தின்போது இதே வார்த்தையை நானும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் நான்கு முறை போய்வந்து, தெரிந்தவர்கள் பலருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தும் இருக்கிறேன். ரயில் நேரத்தைத் தவறாகப் படிப்பது, பெட்டி படுக்கையை அதிகமாகக் கட்டுவது போன்றவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை, தானாகவே தெரிந்துவிடும். ஊர் திரும்பிக் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரிகிற தவறுகளைச் சொல்கிறேன்.

முதலில் பாஸும் பாதிக் கட்டண அட்டையும் என்னவென்று பார்த்துவிடுவோம். ஸ்விஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கும். ரயில், தபால் துறை பஸ், ஏரிப் படகு, நகர டிராம், ஐந்நூறுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் என்று எல்லாம் அதில் அடங்கும். ஸ்விஸ் ஹாஃப் ஃபேர் கார்டு, அதாவது பாதிக் கட்டண அட்டை, ஒரு மாதம் செல்லும். ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக டிக்கெட் வாங்க வேண்டும், ஆனால் பாதி விலைதான்.

மலையும் பாஸில் சேர்த்தி என்று நினைப்பது

இத்தனை வருடமாகியும் எனக்கு ஆறாத தவறு இதுதான்.

நான், கணவர், அப்பா, அம்மா என்று நான்கு பேர் போனோம். பயண ஏஜென்ட் ஒருவரின் பேச்சை நம்பி நாலு பேருக்கும் எட்டு நாள் பாஸ் வாங்கியிருந்தோம். “மலை ரயிலுக்கு மட்டும் பாதி கொடுத்தா போதும்” என்று அவர் சொன்னார், நானும் சரிபார்க்கவில்லை. கிரிண்டல்வால்டில் இறங்கி, யுங்ஃப்ராவ்யோக் போக டிக்கெட் கவுன்டரில் நின்றோம். நம் ஊர்ப் பக்கம் ஜங்ஃப்ரா என்று சொல்வார்களே, அதேதான். 3,454 மீட்டர் உயரம், மலையைக் குடைந்து 1912-இல் முடித்த ரயில்பாதை. கவுன்டரில் இருந்த பெண் பாஸைப் பார்த்துவிட்டு, 25 சதவீதம்தான் தள்ளுபடி என்றார். நான் இரண்டு முறை கேட்டேன். அதே பதில்தான் வந்தது.

விதி இதுதான். இன்டர்லாக்கனிலிருந்து கிரிண்டல்வால்டு அல்லது வெங்கன் வரை பாஸிலேயே போகலாம். அதற்கு மேலே யுங்ஃப்ராவ்யோக்குக்குக் கால்வாசிதான் குறையும். ஹாஃப் ஃபேர் கார்டு வைத்திருப்பவருக்கோ அங்கேயும் பாதி குறையும். விலை கூடின பாஸுக்குச் சின்னத் தள்ளுபடி, விலை குறைந்த கார்டுக்குப் பெரிய தள்ளுபடி. மேலே போகும் டிக்கெட் 200 பிராங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள், கோடையில் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும். பாஸ்காரர் 150 கொடுப்பார், கார்டுக்காரர் 100 கொடுப்பார். நாலு பேர் என்றால் அந்த ஒரே கவுன்டரில் 200 பிராங்க் வித்தியாசம்.

நாங்கள் கையில் வைத்திருந்த கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது. நான் மொபைலில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது அம்மா என் தோளைத் தொட்டார். “நீங்க போய்ட்டு வாங்கம்மா. எனக்கு அவ்ளோ குளிர் ஒத்துக்காது” என்றார். இந்தப் பனிக்காகவே புது ஸ்வெட்டரும் கம்பளிக் காலுறையும் வாங்கி வந்தவர் அவர். எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், வரவில்லை. நாங்கள் மேலே பனியில் நின்று எடுத்த படங்களில் அம்மா இல்லை. கிரிண்டல்வால்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தார். இன்றைக்கும் அந்தப் படங்களை எடுத்தால் எனக்கு மனசு கனக்கிறது. பாஸ் வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்து விதியைப் படித்திருந்தால் அவரும் வந்திருப்பார்.

அதனால் பாஸைப் பற்றி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, “எந்த மலைக்குப் போறீங்க?” ஒவ்வொரு மலைக்கும் ஒரு விதி. ரிகி, ஸ்டான்செர்ஹார்ன், ஸ்டோஸ் மூன்றும் பாஸில் முழுசாக அடக்கம், மேலே ஒரு காசு வேண்டாம். ரிகி சும்மா ஒப்புக்குப் போகும் இடமும் இல்லை. ஐரோப்பாவிலேயே முதன்முதலாக 1871-இல் பல்சக்கர ரயில் ஏறிய மலை அது. பிலாட்டஸ், டிட்லிஸ், ஸெர்மாட் பக்கத்து கோர்னர்கிராட் மூன்றுக்கும் பாஸானாலும் கார்டானாலும் பாதிதான். ஷில்ட்ஹார்னுக்கு முரென் வரை பாஸில் போகலாம், அங்கிருந்து மேலே பாதி. உங்கள் பட்டியலில் டிட்லிஸும் யுங்ஃப்ராவ்யோக்கும் இருந்தால் பாஸின் பலம் சரிந்துவிடும். ரிகியும் ஸ்டான்செர்ஹார்னும் இருந்தால் ஏறிவிடும்.

ஏஜென்ட் சொன்னார், உறவினர் சொன்னார் என்பதெல்லாம் போதாது. அந்தந்த மலை ரயிலின் இணையதளத்தில் எந்த அட்டைக்கு எவ்வளவு என்று ஒரு பக்கம் இருக்கும். அதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மொத்த டிக்கெட் விலையோடு பாஸை ஒப்பிடுவது

பலரும் போடும் கணக்கு: “எட்டு நாள் டிக்கெட்டெல்லாம் கூட்டினா 400 பிராங்க் வருது, பாஸ் 389, அப்ப பாஸ்தான் லாபம்.” இந்தக் கணக்கில் பாதி விலைக் கார்டுக்கு இடமே இல்லை.

2023 விலையில் காட்டுகிறேன். அதன் பிறகு விலை ஏறியிருக்கிறது, நீங்கள் போகும் வருடத்தின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் வகுப்பு எட்டு நாள் பாஸ் 389 பிராங்க், கார்டு 120. இடையில் 269. கார்டுக்காரர் பாதிதான் கொடுக்கிறார் என்பதால் அந்த 269-ஐ இரட்டிப்பாக்க வேண்டும். அதாவது முழுக் கட்டணக் கணக்கில் 538 பிராங்குக்கு மேல் பயணம் செய்தால்தான் பாஸ் முந்தும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 67. இரண்டுக்கும் ஒரே தள்ளுபடி உள்ள மலைகளை இதில் சேர்க்கவே கூடாது.

மூன்று நாள் பாஸ் 232, அதற்கு நாளொன்றுக்கு 75 பிராங்க் அளவு ஓட வேண்டும். நான்கு நாள் 281, ஆறு நாள் 359. இந்த இரண்டுக்கும் நாளொன்றுக்கு 80 பக்கம் வந்துவிடும். பதினைந்து நாள் 429, அதற்கு 41 போதும். நீண்ட பயணத்துக்குப் பாஸ் நல்லது, நான்கைந்து நாளுக்கு அது தன் விலையைத் திரும்பத் தருவது கடினம் என்பது இந்த எண்களைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

தம்பியின் திட்டத்தையும் இப்படியே போட்டேன். விமான நிலையத்திலிருந்து லூசர்ன், டிட்லிஸ் அடிவாரத்து எங்கெல்பெர்க் போய்வர, லூசர்னிலிருந்து இன்டர்லாக்கன், கிரிண்டல்வால்டும் லாட்டர்புருனனும் போய்வர, கடைசியில் ஜூரிக். எல்லாம் சேர்த்தும் தலைக்கு முழுக் கட்டணம் 300 பிராங்கைத் தாண்டவில்லை. மலை என்று பார்த்தால் டிட்லிஸும் யுங்ஃப்ராவ்யோக்கும். யோசிக்கவே வேண்டியதில்லை, மூன்று கார்டு போதும்.

கார்டுக்கும் ஒரு எல்லை உண்டு. 120 பிராங்க் கார்டு தன் விலையை மீட்க 240 பிராங்க் முழுக் கட்டணப் பயணம் வேண்டும். ஜூரிக்கில் இரண்டு நாள் தங்கி லூசர்னை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இரண்டுமே வேண்டாம், தனி டிக்கெட் வாங்கினாலே போதும்.

பாஸ் யாருக்கு என்றால், இரண்டு நாளுக்கு ஒரு ஊர் மாறுகிறவர்கள், படகு, அருங்காட்சியகம் என்று தினமும் ஏறி இறங்குகிறவர்கள், ஒவ்வொரு முறையும் டிக்கெட் பார்ப்பது பெரும் பாரம் என்று நினைக்கும் வயதானவர்கள். இந்தக் கடைசிக் காரணத்துக்காக ஐம்பது பிராங்க் கூடினாலும் நான் பாஸையே சொல்வேன்.

ஓய்வு நாளிலும் பாஸை ஓடவிடுவது

சாதாரணப் பாஸ் தொடர்ச்சியான நாட்களுக்குத்தான். தூக்கக் கலக்கத்தோடு வந்து இறங்கும் நாளிலேயே அதைத் தொடங்கிவிட்டு, லூசர்ன் பாலத்தில் நடந்தே ஒரு நாளைக் கழிப்பவர்கள் அதிகம். அந்த ஒரு நாளும் காசுதான். விருப்பப்பட்ட நாட்களில் பயன்படுத்த ஃப்ளெக்ஸ் பாஸ் இருக்கிறது, ஆனால் விலை கூடுதல். பயணம் செய்யும் ஒவ்வொரு நாளையும் ஏறுவதற்கு முன் இணையத்தில் செயல்படுத்தியாக வேண்டும்.

நான் இப்போது செய்வது வேறு. ஹாஃப் ஃபேர் கார்டு எடுத்துக்கொள்வேன். நெடுந்தூரம் ஓடும் ஓரிரு நாட்களுக்கு மட்டும் சேவர் டே பாஸ் முன்கூட்டியே வாங்கிவிடுவேன். கார்டு இருந்தால் அது 29 பிராங்கிலிருந்து கிடைத்தது, இல்லாவிட்டால் 52. அந்த ஒரு நாள் முழுக்க நாட்டின் ரயில், பஸ், படகு பெரும்பாலும் அதிலேயே அடங்கும். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், வாங்கிய பிறகு மனம் மாறினால் பணம் திரும்பாது. அதனால் தேதி உறுதியான நாளுக்கு மட்டும் வாங்குங்கள்.

பனோரமா ரயிலும் இலவசம் என்று நம்புவது

மலைக்காட்சி பார்க்கப் பெரிய ஜன்னல் வைத்த கிளேசியர் எக்ஸ்பிரஸுக்கும் பெர்னினா எக்ஸ்பிரஸுக்கும் பாஸ் செல்லும். ஆனால் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குக் கட்டணம் தனி. பாஸைக் காட்டி ஏறப்போய் இறக்கிவிடப்பட்ட ஒரு குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன். அதே தண்டவாளத்தில் சாதாரண ரயில்களும் ஓடுகின்றன, முன்பதிவே கிடையாது. கிளேசியர் பாதையில் ஆண்டர்மாட், டிசென்டிஸ் என்று மாறி மாறிப் போக வேண்டும், அவ்வளவுதான். பெர்னினா பாதையின் சாதாரண ரயிலில் பல பெட்டிகளில் ஜன்னலைத் திறந்து படமெடுக்கலாம். எக்ஸ்பிரஸில் அது முடியாது.

குழந்தைகளுக்குத் தனியாக வாங்குவது

வேண்டாம். பெற்றோரில் ஒருவரிடம் பாஸோ கார்டோ இருந்தால், 6 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்கு ஸ்விஸ் ஃபேமிலி கார்டு இலவசம். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். தாத்தா பாட்டியோடு மட்டும் அனுப்பினால் இது செல்லாது. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிராவல் பாஸில் 30 சதவீதம் குறைவு.

முதல் வகுப்பு

தேவையே இல்லை.

நகர பஸ்ஸை லாபத்தில் எழுதுவது

பாஸில் டிராம், பஸ் எல்லாம் சேர்த்தி என்று கணக்கில் கூட்டுவார்கள். பாசல், ஜெனீவா, இன்டர்லாக்கன் போன்ற இடங்களில் விடுதியில் தங்குகிறவர்களுக்கே உள்ளூர்ப் போக்குவரத்து அட்டை தந்துவிடுகிறார்கள். டிசினோ மாநிலத்திலும் உண்டு. ஏற்கெனவே கையில் இருப்பதை இன்னொரு முறை கூட்டாதீர்கள்.

யூரெயில் பாஸ் போதும் என்று வருவது

ஐரோப்பாவில் பல நாடுகள் சுற்றுகிறவர்களுக்கு அது நல்ல பாஸ். ஆனால் யுங்ஃப்ராவ்யோக் பக்கம் போகிறவர்களுக்கு இன்டர்லாக்கனோடு அதன் வேலை முடிந்துவிடும். அங்கிருந்து கிரிண்டல்வால்டு பக்கம் போகத் தள்ளுபடிதான். தபால் துறை பஸ்ஸும் நகர டிராமும் அதில் வராது.

தவறான கார்டை வாங்குவது

பயணிகளுக்கானது ஒரு மாத ஸ்விஸ் ஹாஃப் ஃபேர் கார்டு. அந்நாட்டில் வசிப்பவர்கள் வாங்கும் ஓராண்டு ஹால்ப்டாக்ஸ் வேறு. அது வருடா வருடம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

கார்டு இருக்கிறதே என்று டிக்கெட் இல்லாமல் ஏறுவது

கார்டு மட்டும் டிக்கெட் ஆகாது. ரயிலுக்குள் வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சும் இல்லை, அபராதம்தான். ஸ்விஸ் ரயில்வேயின் (SBB) செயலியில் டிக்கெட் எடுக்கும்போது ஒவ்வொரு பயணியின் பெயருக்கும் கீழே பாதிக் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று பாருங்கள், இல்லாவிட்டால் முழு விலை போய்விடும். பரிசோதகர் கார்டோடு பாஸ்போர்ட்டையும் கேட்பார், பெட்டியின் அடியில் வைத்துவிடாதீர்கள். அதே செயலியில், ஏறி இறங்கும் இடத்தை வைத்துத் தானே டிக்கெட் போடும் ஈஸிரைடு பயன்படுத்தினால் ஏறுவதற்கு முன் ஒரு முறை, இறங்கியதும் ஒரு முறை திரையில் தள்ள வேண்டும். இறங்கிய பிறகு பிளாட்பாரத்திலேயே நின்று அதை முடித்துவிட்டு, அப்புறம் பெட்டியை எடுங்கள்.