சூட்டில் மங்கிய டார்ச்

என்னிடம் உள்ள 10 வாட் எல்இடி டார்ச், முழு வெளிச்சத்தில் சில நிமிடம் எரிந்தாலே மங்கிவிடும். ஒளியும் நீலம் பாயும். பேட்டரி மாற்றியும் அதே கதை. வேடிக்கை என்னவென்றால், டார்ச்சின் வெளிப்புறம் அவ்வளவாகச் சுடவே இல்லை. துப்பு கிடைத்தது அங்கேதான். எல்இடிக்குள் போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகிறது. குண்டு பல்பில் போல அது ஒளியோடு முன்பக்கம் வெளியேறாது; பின்னால் உள்ள உலோகம் வழியாகத்தான் இறங்க வேண்டும். வெளியே சுடவில்லை என்றால் சூடு உள்ளேயே நிற்கிறது.

தலைப்பகுதியைக் கழற்றினேன். எல்இடி உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகட்டுக்கு அடியில் வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டே இல்லை, வெறும் காற்றிடைவெளி. (எதில் மிச்சம் பிடிக்கிறார்கள் பாருங்கள்!) இரண்டு பரப்பையும் ஸ்பிரிட்டால் துடைத்து, கம்ப்யூட்டர் பிராசஸருக்குப் போடும் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி இறுக்கி மூடினேன். அப்பிவிடக் கூடாது, தடித்தால் அதுவே வெப்பத்தைத் தடுக்கும்.

இப்போது வெளிப்புறம் சீக்கிரமே சுடுகிறது, வெளிச்சம் இறங்குவதில்லை. கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டால் மட்டும் குறைந்த வெளிச்சத்துக்கு மாற்றிவிடுகிறேன். எல்இடி 100 டிகிரியைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். ஆனால் பக்கத்தில் இருக்கும் லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 60 டிகிரி செல்சியஸ் வரைதான் பயன்படுத்தச் சொல்வார்கள்.