மாத்திரையோடு காபி, பருப்புக்குப் பதில் தண்ணீர்: முதல் ஆயிரம் நாளில் நாம் செய்யும் தவறுகள்

"ஒரு நாள்கூட மாத்திரையை விடலைங்க, ஆனா ரத்தம் ஏறவே மாட்டேங்குது." கர்ப்பிணிப் பெண்கள் பலர் இப்படி வருத்தப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். மாத்திரையை எதோடு போடுகிறீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் புரியும். காலை டிபன் முடிந்ததும் காபி, காபியோடு இரும்புச்சத்து மாத்திரை. சிலர் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து ஒரே வாயில் போட்டுவிடுவார்கள். கரு தரித்ததிலிருந்து பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை உள்ளதுதான் முதல் ஆயிரம் நாள். அதில் நாம் செய்யும் தவறுகள் இங்கிருந்தே தொடங்குகின்றன.

காபி, டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கால்சியமும் பாலும் அது குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரும்பு மாத்திரையை இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறோடு போட்டுப் பாருங்கள். கால்சியத்தைக் காலையும் மதியமும் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம். வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்ட உடனே போடுங்கள், நிறுத்திவிடாதீர்கள். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அது இரும்பால் வரும் நிறம், பயம் வேண்டாம். அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள் என்பதுதான் கணக்கு. இந்த இரண்டாவது 180 நாளைப் பெரும்பாலோர் மறந்தே போகிறார்கள்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பச்சரிசியை அள்ளி மெல்லுவது, திருநீறு தின்பது, மண் வாசனைக்கு ஏங்குவது எல்லாம் 'மசக்கை ஆசை' என்று நம் வீடுகளில் விட்டுவிடுவோம். பல நேரம் அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். ஆசையை நிறைவேற்றும் முன் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 11க்குக் கீழே போனால் ரத்தசோகை.

இன்னொரு மாத்திரையான ஃபோலிக் அமிலத்தில் நேரமே தவறிவிடுகிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு தரித்த சுமார் 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, டாக்டரிடம் போவதற்குள் அந்தக் காலம் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். அதனால், அந்தக் குழாய் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமிலத்தைக் குழந்தைக்குத் திட்டமிடும்போதே, டாக்டரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

சாப்பாட்டில் இரண்டு எதிரெதிர் அறிவுரைகள் வரும். 'ரெண்டு உசுருக்குச் சாப்பிடு' என்பது ஒன்று. உண்மையில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்குச் சுமார் 350 கலோரி. இரண்டு இட்லி, சாம்பார், ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். இன்னொன்று என்னை அதிகம் கவலைப்பட வைப்பது: 'கடைசி மாசத்துல கொஞ்சமா சாப்பிடு, புள்ள சின்னதா இருந்தாத்தான் சுகப்பிரசவம் ஆகும்.' புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 1990களிலிருந்து தாய்மார்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். எடை குறைவாகப் பிறக்கும் நம் குழந்தைகளிடம் தசை குறைவாகவும், அந்த எடைக்குக் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பதைக் கண்டார்கள். பின்னாளில் சர்க்கரை நோய் வர இது வழிவகுக்கிறது. தாயின் தட்டில் நாம் குறைக்கும் சோறு, பிள்ளையின் நாற்பது வயதுக் கணக்கில் போய்ச் சேர்கிறது. வாந்தி வருமென்று குளுக்கோஸ் தண்ணீர்ப் பரிசோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள் என்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்வார்கள்.

குங்குமப்பூவால் குழந்தை சிவப்பாகப் பிறக்காது. அந்தக் காசுக்கு முட்டையும் கீரையும் வாங்கலாம். பப்பாளியில் காயைத்தான் தவிர்க்க வேண்டும், நன்றாகப் பழுத்ததால் கெடுதல் இல்லை.

பிறந்த முதல் மணி நேரத்தில் குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைக்க வேண்டும். ஆனால் சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோதான் பல வீடுகளில் முதலில் நாக்கில் படுகிறது. ஒரு வயது முடியும்வரை தேனே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடாதீர்கள், அதில்தான் நோய் எதிர்ப்புப் பொருட்கள் செறிந்திருக்கின்றன. தாய்ப்பாலே பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால், ஆறு மாதம்வரை சித்திரை வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. பத்தியம் என்று தாய்க்குப் பழத்தையும் தண்ணீரையும் நிறுத்துவதும் தவறு.  

ஆறு மாதம் முடிந்ததும் வருகிற தவறுதான் என் மனதை உறுத்துவது, ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அது நடந்தது. அக்கா மகனுக்கு எட்டு மாதம்வரை பருப்புத் தண்ணீர், சாதம் வடித்த கஞ்சி, நீர்க்கக் கரைத்த பழச்சாறு. செரிக்காது என்ற பயம். பாட்டி அன்போடுதான் ஊட்டினார். எடை மட்டும் ஏறவில்லை. பருப்பு வேகவைத்த தண்ணீரில் பருப்பின் வாசனை இருக்கும், சத்து பருப்பில்தான் இருக்கும். குழந்தையின் வயிறோ மிகச் சின்னது. அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சோற்றுக்கு இடமே இருக்காது. அதோடு, பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு இருப்பும் ஆறு மாதத்தில் கரைந்துவிடுகிறது. தாய்ப்பால் மட்டும் அதை ஈடுகட்டாது.

கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள். உணவு வழிந்து ஓடினால் அது நீர்த்தது, மெல்ல நழுவினால் சரியான பதம். பருப்பையும் சாதத்தையும் நன்றாகக் குழைத்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள். முதலில் நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. நன்றாக வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், மசித்த ஈரல் எல்லாமே ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கலாம். அங்கன்வாடி சத்துமாவையும் கெட்டியாகக் கிண்டுங்கள். ஒரு வயதுவரை உப்பு வேண்டாம், இரண்டு வயதுவரை சர்க்கரை வேண்டாம். டீயில் நனைத்த பிஸ்கட் எந்த வயதிலும் ஒரு வேளைச் சாப்பாடு ஆகாது.

பசும்பாலை முக்கிய உணவாக ஒரு வயதுக்கு முன் கொடுக்கக் கூடாது. அதற்குப் பிறகும் நாளுக்கு அரை லிட்டர் போதும். "சாப்பிடவே மாட்டேங்குறான்" என்று சொல்லும் வீடுகளில் எத்தனை டம்ளர் பால் என்று எண்ணிப் பாருங்கள். நான்கு, ஐந்து என்று வரும். பாலில் இரும்பு மிகக் குறைவு, வயிறும் நிறைந்துவிடுகிறது. டானிக் வாங்கும் முன் அந்த டம்ளர்களைக் குறைத்துவிட்டு, பசித்த நேரத்தில் சோற்றை முன்னால் வையுங்கள்.