108 மெகாபிக்சல் கேமராவை எப்போது முழுசாகப் பயன்படுத்தலாம்?

பெட்டியில் 108 மெகாபிக்சல் என்று போட்டிருந்தாலும், அந்த போன்களில் பெரும்பாலானவை வழக்கமாகச் சேமிக்கும் படம் 12 மெகாபிக்சல்தான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 9 பிக்சல்களை, அதாவது வெளிச்சத்தை வாங்கும் நுண்புள்ளிகளை, போன் ஒன்றாக்கிவிடும். 50 மெகாபிக்சல் போனில் நான்கு நான்காகச் சேரும். இது ஏமாற்று வேலை இல்லை. தனிப் பிக்சல் மிகச் சிறியது, அதில் விழும் வெளிச்சம் போதாது. சேர்த்தால்தான் இரவுப் படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரிவது குறையும்.

முழு 108-ஐ நல்ல பகல் வெளிச்சத்தில், அசையாத காட்சிக்கு, பிறகு ஒரு மூலையை மட்டும் வெட்டியெடுக்கும் எண்ணம் இருந்தால் போடுங்கள். கேமரா செயலியில் படத்தின் விகிதத்தை மாற்றும் இடத்திலோ ‘மோர்’ பகுதியிலோ அது இருக்கும். முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொள்ளுங்கள். படம் எடுத்து முடிக்கச் சற்று நேரம் பிடிக்கும், அதற்குள் அசைத்தால் கலங்கிவிடும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருக்கிவிடும். ஓடியாடும் குழந்தைகளுக்கு இது வேண்டாம்.

மிகக் கிட்டத்தில் படமெடுக்க என்று கூடவே வரும் 2 மெகாபிக்சல் மேக்ரோ லென்ஸ் பெரும்பாலும் எண்ணிக்கைக்குத்தான். பூவையோ மருந்துச்சீட்டையோ எடுக்க, பிரதான கேமராவில் 2 மடங்கு ஜூம் வைத்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் அதைவிடத் தெளிவாக வரும். ரொம்பக் கிட்டே போனால் போகஸ் ஆகாது.