பட்ஜெட்டுக்குள் கேமிங் டிவி வாங்குவது எப்படி?

கடையில் ஓடும் டெமோ வீடியோவில் நிறம் தெரியும், கூர்மை தெரியும். பட்டனை அழுத்தியபின் திரை எவ்வளவு தாமதமாக அசைகிறது என்பது மட்டும் தெரியாது. கேமுக்கு முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாமதத்தைத்தான். இதை ‘இன்புட் லேக்’ என்பார்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது விநாடிக்கு 60 முறை படம் மாறும் திரையில், ஒரு ஃப்ரேம் (ஒரு படம்) 16.7 மில்லி விநாடி நிற்கும். டிவி 100 மில்லி விநாடி தாமதித்தால் ஆறு ஃப்ரேம் போய்விட்டது என்று அர்த்தம். கிரிக்கெட் கேமில் பந்து பிட்ச் ஆனதைப் பார்த்து நீங்கள் மட்டையை வீசும்போது, கேமின் கணக்கில் பந்து ஏற்கெனவே உங்களைத் தாண்டியிருக்கும்.

படி 1: கன்சோலிலிருந்து தொடங்குங்கள்

பிஎஸ்4 ஸ்லிம், முதல் நின்டெண்டோ ஸ்விட்ச் இரண்டும் அதிகபட்சம் 1080பி-தான் தரும். இவற்றுக்கு ஃபுல் எச்டி, 60 ஹெர்ட்ஸ் தாராளம். பிஎஸ்5 வைத்திருந்தால் 4கே, 60 ஹெர்ட்ஸ் பாருங்கள். 120 ஹெர்ட்ஸ் டிவி பட்ஜெட்டைத் தாண்டினால் தயங்காமல் விட்டுவிடலாம். கன்சோல் கேம்களில் பெரும்பாலானவை 30 அல்லது 60 ஃப்ரேமில்தான் ஓடுகின்றன.

படி 2: அளவும் பிக்சலும்

32 இன்ச்சில் ‘எச்டி ரெடி’ என்று எழுதியிருந்தால் பேனல் பெரும்பாலும் 1366 x 768. கன்சோல் அனுப்புவதோ 720 அல்லது 1080 வரி. எதை அனுப்பினாலும் டிவி அதை 768-க்கு இழுத்தோ சுருக்கியோதான் காட்ட வேண்டும். அதனால்தான் மெனுவில் உள்ள சின்ன எழுத்துகள் மசமசவென்று தெரிகின்றன. 32 இன்ச்தான் வேண்டும் என்றால் 1920 x 1080 என்று எழுதிய மாடலைத் தேடி வாங்குங்கள்.

43 இன்ச் ஃபுல் எச்டியில் சுமார் ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் பிக்சல்கள் தனித்தனியாகத் தெரியாது. அதைவிட நெருக்கமாக உட்காருபவர்களுக்கு 43 இன்ச் 4கே நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஆகவே, பழைய விலையை மனதில் வைத்து 43 இன்ச்சை ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 3: அட்டைப்பெட்டி எழுத்துகள்

‘மோஷன் ரேட் 120’, ‘எம்இஎம்சி’ என்றெல்லாம் எழுதியிருந்தால் பேனல் 120 ஹெர்ட்ஸ் என்று நம்பிவிடாதீர்கள். ‘நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட்’ (பேனல் உண்மையில் விநாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்பது) எவ்வளவு என்று கேளுங்கள். எம்இஎம்சி என்பது இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே டிவியே ஒரு ஃப்ரேமை உருவாக்கிச் செருகுவது. அதற்கு அடுத்த ஃப்ரேம் வரும்வரை காத்திருக்க வேண்டும், அதனால் தாமதம் கூடும். சினிமாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கேமுக்கு அணைத்துவிடுங்கள்.

‘எச்டிஎம்ஐ 2.1’ என்ற எழுத்தும் அப்படித்தான். 60 ஹெர்ட்ஸ் பேனலிலும் அதைப் போடுகிறார்கள். ஏஎல்எல்எம் (கன்சோல் ஆன் ஆனதும், தாமதத்தைக் குறைக்கும் ‘கேம் மோடு’க்கு டிவி தானே மாறுவது), விஆர்ஆர் (கேமின் ஃப்ரேம் வேகத்துக்கு ஏற்ப டிவி தன் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றிக்கொள்வது) இரண்டும் உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். 4கே 60-க்கு எச்டிஎம்ஐ 2.0 போதும். குறைந்தது மூன்று எச்டிஎம்ஐ போர்ட் இருக்கட்டும்: செட்-டாப் பாக்ஸ், கன்சோல், சவுண்ட்பார்.

மலிவு விலை டிவியில் எச்டிஆருக்காக (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் வசதி) கூடுதல் பணம் தர வேண்டாம். சிக்னலை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதைக் காட்டும் வெளிச்சம் பேனலில் இருக்காது.

படி 4: கடையில் சோதனை

லேப்டாப்பையும் 2 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். டிவியில் இணைத்து ‘டூப்ளிகேட்’ கொடுத்து, மில்லி விநாடி காட்டும் ஸ்டாப்வாட்ச் ஒன்றை ஓட விடுங்கள். இரண்டு திரையும் தெரியும்படி மொபைலில் பத்து போட்டோ எடுங்கள். லேப்டாப்பில் 12.480, டிவியில் 12.400 என்றிருந்தால் டிவி 80 மில்லி விநாடி பின்தங்கியிருக்கிறது. ஸ்டாப்வாட்ச்சே ஃப்ரேமுக்கு ஒருமுறைதான் மாறும் என்பதால் ஒரு போட்டோவை நம்பாமல் பத்தின் சராசரியை எடுங்கள்.

இப்போது கேம் மோடை ஆன் செய்து மறுபடி பத்து எடுங்கள். வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்த டிவியை வாங்கலாம். 50-க்கு மேலேயே நின்றால் வேறு மாடல் பாருங்கள். பல டிவிகளில் எச்டிஎம்ஐ இன்புட்டில் இருக்கும்போதுதான் கேம் மோடு மெனுவில் வரும். ஹோம் ஸ்கிரீனில் தேடிவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினாலும் இந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்படியே பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு முக்கிய வகைகள் உண்டு. விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ்ஸில் இது தலைகீழ். தனியாக, இருட்டறையில் விளையாடுபவருக்கு விஏ. நாலு பேர் சுற்றி உட்காரும் வீட்டுக்கு ஐபிஎஸ். ஒரே மாடலில் 43-க்கு ஒரு பேனல், 55-க்கு வேறு பேனல் இருப்பதுண்டு. வாங்கப்போகும் அளவையே பாருங்கள்.

படி 5: வீட்டுக்கு வந்ததும்

திரையின் ஓரத்தில் ஸ்கோரோ மேப்போ வெட்டுப்பட்டால், டிவி படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை நறுக்குகிறது. பிக்சர் சைஸில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ வையுங்கள். இதனால் கூர்மையும் கூடும்.

4கே டிவியில் கன்சோல் எச்டிஆர் இல்லை என்று சொன்னால், அந்த போர்ட்டுக்கு எச்டிஎம்ஐ சிக்னல் ‘என்ஹான்ஸ்ட்’ என்று மாற்ற வேண்டும். பல டிவிகளில் அது ‘ஸ்டாண்டர்டு’ என்றே வரும். படம் சரியாக வந்தும் சத்தம் பிந்தினால் ப்ளூடூத்தை விட்டு, சவுண்ட்பாரை ஏஆர்சி போர்ட்டில் (டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட்) கேபிள் வழியாக இணைத்துப் பாருங்கள்.

கடைசியாக, வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து ஒற்றை நிறப் படங்களைப் பென்டிரைவில் போட்டு முழுத்திரையில் ஓட்டுங்கள். கறுப்பில் மினுங்கும் புள்ளி, வெள்ளையில் கறுத்த புள்ளி இருந்தால் போட்டோ எடுத்து அன்றைக்கே புகார் கொடுங்கள். ரிட்டர்ன் நாள் முடியும்வரை பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் வைத்திருங்கள்.