பழைய மஸ்டாங்குக்கு என்ன விலை சொல்லலாம்? விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்போர்ட்ஸ் காரை விற்க முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது, வாங்கியபோது கொடுத்த பில்லைத்தான். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. வாங்க வருபவர் போடும் கணக்கே வேறு: இந்த வண்டி வீட்டுக்கு வந்த முதல் வருடத்தில் இன்னும் எவ்வளவு செலவு வைக்கும்? நியாயமான விலை அந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும்.

சென்னையில் ஓடும் 2017ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 5 லிட்டர் வி8 இன்ஜின். 2016 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தபோது டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம் ரூபாய். மறைமலைநகரில் ஃபோர்டுக்குத் தொழிற்சாலை இருந்தாலும், இந்த கார் அமெரிக்காவிலிருந்து முழுதாக இறக்குமதியானது. ஆகவே அந்த விலையில் பெரிய பங்கு சுங்கவரியும் மற்ற வரிகளும்தான். அதெல்லாம் திரும்பி வராத பணம். ‘ஆன்ரோடில் எனக்கு இவ்வளவு ஆச்சு, பாதியாவது வரணும்’ என்று தொடங்கினால் பேச்சு முதல் போனிலேயே முடிந்துவிடும். வரி மாறினாலும் விலை அசையும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், செஸ் என்ற கூடுதல் வரி கிடையாது. அதற்கு முன்னால் செஸ்ஸையும் சேர்த்து 45 முதல் 50 சதவீதம் வரை இருந்தது. புது வண்டி விலை இறங்கினால் பழையதும் கூடவே இறங்கும்.

இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும் ஐடிவி தொகையை, அதாவது கம்பெனி வண்டிக்குப் போட்ட மதிப்பை, விலையாகச் சொல்பவர்களும் நிறைய. ஐந்து வருடம் வரை அதற்கு நிர்ணயித்த தேய்மான விகிதம் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வருடம் வரை 15 சதவீதம், நான்கு முதல் ஐந்து வருடத்துக்குள் 50 சதவீதம் என்று எல்லா கார்களுக்கும் ஒரே அட்டவணை. ஐந்து வருடம் தாண்டினால் நீங்களும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்ளும் தொகை அது. 2017 வண்டிக்கு அந்த எண்ணைக் காட்டி யாரிடமும் பேரம் பேச முடியாது. கிளெய்ம் கேட்காததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் அப்படித்தான். அது வண்டியோடு போகாது, உங்களோடுதான் இருக்கும். அதை விலையில் ஏற்றாதீர்கள்.

அடுத்து, ஆன்லைன் விளம்பரங்கள். இங்கேதான் மிகப் பெரிய சறுக்கல். நாலைந்து விளம்பரங்களைப் பார்த்து, நடுவில் ஒரு விலையைப் பிடித்து, நமக்கும் அதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அங்கே இருப்பது கேட்கிற விலை. விற்ற விலையை யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை. ஒரு வண்டி நான்கு மாதமாக அதே விலையில் நிற்கிறது என்றால், அந்த விலைக்கு ஆள் வரவில்லை என்று அர்த்தம். அதனால் விற்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே இதே மாடல் விளம்பரங்களைக் கவனியுங்கள். எந்த வண்டி எந்தத் தேதியில் விலை குறைந்தது, எது காணாமல் போனது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். காணாமல் போன வண்டிகளின் கடைசி விலைதான் உங்களுக்குப் பயன்படும். அதிலும் கொஞ்சம் குறைத்துத்தான் கைமாறியிருக்கும். யூஸ்டு கார் ஷோரூம் விலையை அப்படியே எடுத்துக்கொள்வதும் சரியில்லை. அதில் அவர்களுடைய லாபம், அந்த லாபத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, வாரன்டி என்று பலதும் அடக்கம். சொந்த வண்டியை விற்கும் தனிநபருக்கு அந்த ஜிஎஸ்டி இல்லை. ஆகவே ஷோரூம் கேட்கிற விலைக்கும், அவர்கள் உங்களுக்குத் தர ஒப்புக்கொள்ளும் விலைக்கும் நடுவில் உங்கள் விலை நிற்கலாம். இரண்டு ஷோரூமில் எழுத்தில் விலை வாங்கிவிட்டால் கீழ் எல்லை தெரிந்துவிடும்.

‘பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு’ என்பது எல்லா நேரத்திலும் பலம் ஆகாது. நின்ற வண்டிக்கும் வயசாகும். ரப்பர் சீல்கள் காயும், பேட்டரி போகும், டேங்கில் பழைய பெட்ரோல் கிடக்கும். டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியில், கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் ஆழமாக இருந்தாலும் 400 குதிரைத்திறன் காருக்கு அந்த டயர் இனி ஆகாது. தெரிந்தவர்கள் குனிந்து முதலில் பார்ப்பதே அந்த எண்ணைத்தான். கணக்குக்காக, நல்ல நிலையில் உள்ள வண்டி 35 லட்சத்துக்குக் கைமாறுகிறது என்று வைப்போம். உங்கள் வண்டிக்கு டயர், பிரேக், பேட்டரி எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் எஸ்டிமேட் வந்தால், விலை முப்பத்திரண்டரையிலிருந்து தொடங்க வேண்டும். எஸ்டிமேட் காகிதத்தையும் காட்டுங்கள். மறைத்தால் பார்க்க வருபவர் இரண்டரைக்குப் பதிலாக ஐந்து கழிப்பார்.

எக்ஸாஸ்ட் மாற்றியது, இசியு ரீமேப் செய்தது (இன்ஜினின் கணினி அமைப்பை மாற்றியது) ஆகியவற்றுக்குச் செலவழித்த பணத்தை விலையில் சேர்க்கவே வேண்டாம். பலருக்கு அது பயத்தைத்தான் கொடுக்கும்: இன்ஜினை எவ்வளவு வதைத்திருப்பார்கள், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று சோதனையில் சிக்குமா, இன்சூரன்ஸ் கிளெய்ம் கிடைக்குமா என்று. கழற்றி வைத்த ஒரிஜினல் பாகங்கள் வீட்டில் இருந்தால் அவற்றுக்குத்தான் மதிப்பு. திரும்ப மாட்டிவிட்டு விற்பது நல்லது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஆயில் மாற்றிய பில் இருந்தால் அது பெரிய குறையாகத் தெரியாது.

சென்னை வண்டிக்கு வெள்ளக் கேள்வி நிச்சயம் வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வண்டி எங்கே நின்றது என்று கேட்பார்கள். தாழ்வான கார் என்பதால் சந்தேகம் இன்னும் அதிகம். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துச் சேற்றுக்கறை தேடுவார்கள், சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடிப்பார்கள். அந்த மாதங்களின் சர்வீஸ் பில்களையும் கிளெய்ம் வரலாற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பவருக்கு விலையில் பிடி இருக்கும்.

நம்பர் பிளேட்டையும் மறக்காதீர்கள். புதுச்சேரி அல்லது கர்நாடகப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டுக்காரர் வாங்கினால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். 2023 நவம்பரில் இங்கே வரி கூடியது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும் என்றாலும் லட்சங்களில்தான் வரும். டி.என். வண்டி விலையை அப்படியே பி.ஒய். வண்டிக்குச் சொன்னால் எடுபடாது.

ஃபோர்டு 2021ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததை வைத்து ‘இனி கிடைக்காது, விலை ஏறும்’ என்று காத்திருப்பதும் ஆபத்து. பாகம் கிடைக்குமா என்ற கவலை அதே வேகத்தில் விலையை இறக்கும். விளம்பரம் போட்டு மூன்று வாரத்தில் போனே வரவில்லை என்றால் விலை அதிகம். நாலு பேர் நேரில் பார்த்துவிட்டு ஒரே குறையைச் சொல்லிப் போனால் அந்தக் குறையைச் சரிசெய்யுங்கள், அல்லது அதன் செலவைக் கழித்துப் புது விலை போடுங்கள்.