வீட்டுத் தண்ணீருக்கு ஏற்ற மீன், மீனுக்கு ஏற்ற கூட்டம்

என் தையல் மெஷினுக்கு நேர் எதிரே இரண்டடி நீள மீன்தொட்டி ஒன்று ஒன்பது வருடமாக இருக்கிறது. அதில் நான் முதலில் விட்டவை மூன்று டைகர் பார்ப், இரண்டு ஏஞ்சல். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கினேன். "எல்லாம் ஒண்ணா இருக்கும்க்கா" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நான்காம் நாள் ஏஞ்சலின் வயிற்றடியில் தொங்கும் நீளத் துடுப்புகள் ஓரம் பிரிந்த துணி மாதிரி நூல் நூலாக நின்றன. பத்தாம் நாள் ஒன்று செத்தது.

டைகர் பார்ப் பொல்லாத மீன் இல்லை. அது கூட்டத்து மீன். எட்டு, பத்து என்று பெரிய தொட்டியில் இருந்தால் துரத்துவதும் கடிப்பதும் பெரும்பாலும் அவற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். மூன்றாக விட்டால் பக்கத்தில் ஆடும் நீளத் துடுப்பைத் தேடிப் போகும். அந்த ஏஞ்சல் செத்ததற்குக் காரணம் பார்ப் இல்லை, நான் சேர்த்த சேர்க்கை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மீன் கடைக்குப் போகும் முன்னால் உங்கள் வீட்டுக் குழாயைப் பாருங்கள். எங்கள் வீட்டில் போர் தண்ணீர். சோப்பு நுரைக்காது, கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளைப் படலம் நிற்கும். சென்னையில் பல வீடுகளில் இப்படித்தான். இந்தக் கடினத் தண்ணீர் கப்பி, மாலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் ஆகிய குட்டி போடும் மீன்களுக்கு நன்றாகவே ஒத்துவரும். நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீரில் பிறந்தது, சூடும் அதற்கு ஆகாது. ஆர்.ஓ. தண்ணீர் கலந்து, தினமும் அளந்து பார்த்து அதை வளர்ப்பவர்கள் உண்டு. ஆனால் முதல் தொட்டிக்கு அந்தப் பாடு வேண்டாம். தண்ணீரை மீனுக்காக மாற்றுவதை விட, இருக்கிற தண்ணீருக்கு மீனைத் தேர்ந்தெடுப்பது இரு தரப்புக்கும் நிம்மதி. மெட்ரோ தண்ணீர் வருகிறவர்கள் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்தைக் கலக்காமல் ஊற்ற வேண்டாம்.

அடுத்தது வாய். மீன் தன் வாய்க்குள் போகிற எதையும் தின்னும். ஏஞ்சல் சின்னதாக இருக்கும்போது நியானோடு அழகாகத்தான் நீந்தும். வளர்ந்த பிறகு ஒரு நாள் காலையில் எண்ணினால் நியான் குறைந்திருக்கும். கடையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் குழந்தை மீன்கள். அதனால் "இது எவ்வளவு பெருசா வரும்?" என்று ஒவ்வொரு மீனுக்கும் கேளுங்கள். ஆஸ்கார் ஓரடி வரும். "தொட்டியைச் சுத்தம் பண்ணும்" என்று இரண்டு அங்குலத்தில் கொடுக்கும் சக்கர் மீனும் ஓரடியைத் தாண்டும். பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்படி விட்ட மீன்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, நம் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

சேர்க்கக் கூடாதவை இன்னும் சில. ஆண் ஃபைட்டர், கப்பியின் விரிந்த வாலைப் பார்த்து எதிரி என்று நினைத்துப் பாயும். அதைத் தனியாக வையுங்கள். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் அதிகம். மே மாதத்தில் என் தொட்டி 31 டிகிரி தொடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் அது மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கும்.

என் தொட்டியில் இப்போது எட்டு ஆண் கப்பிகளும், சின்னக் கெளுத்தி வகையான ஸ்டெர்பாய் கோரிகள் ஆறும் இருக்கின்றன. கப்பி மேலேயும் நடுவிலும் நீந்தும், கோரி அடியில் மேயும். ஒன்றின் பாதையில் இன்னொன்று குறுக்கே வராது. கோரி வகையில் பல, சூடு தாங்காதவை. ஸ்டெர்பாய் மற்றவற்றை விடத் தாங்கும் என்பதால் விலை கூடினாலும் அதை வாங்கினேன். கோரிக்கு மீசை உண்டு, கூர்மையான கல் அதைத் தேய்த்துவிடும். மெல்லிய மணல் போடுங்கள். கப்பியில் ஆண் மட்டும் வைத்திருப்பதற்குக் காரணம், பெண் கப்பி ஒரு முறை சேர்ந்தால் போதும், பல மாதம் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் வேண்டும் என்றால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே பெண்ணை எல்லாம் துரத்தி ஓய்த்துவிடும்.

புதுத் தொட்டி என்றால் மீன் வாங்க அவசரப்படக் கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும், நைட்ரேட் தண்ணீர் மாற்றினால் சமாளிக்கக்கூடியது. அந்த பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீனில்லாமல் ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள், அது அழுகி அம்மோனியா தரும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகு கடைக்குப் போங்கள். நோயில்லாத தொட்டி வைத்திருப்பவர் யாராவது தன் ஃபில்டரின் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கொடுத்தால் நாள் குறையும்.

வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்கு நான் போவது ஞாயிற்றுக்கிழமை. போனதும் வாங்க மாட்டேன், பத்து நிமிடம் நின்று பார்ப்பேன். துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கும் மீன், மேலே வாயைத் திறந்து திறந்து மூடும் மீன், கல்லில் உடம்பைத் தேய்க்கும் மீன் வேண்டாம். அதே தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தால் மற்றவையும் வேண்டாம். "தம்பி, கொஞ்சம் தீனி போடுப்பா" என்று கேட்பேன். ஓடிவந்து தின்னும் மீனைத்தான் எடுப்பேன். நேற்று வந்திறங்கிய சரக்கு என்றால் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பெரிய தொட்டியில் விடாதீர்கள். ஒருமுறை அழகான பிளாட்டி ஒன்றை ஆசைப்பட்டு அப்படி விட்டேன். மூன்றாம் நாள் அதன் வாலில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. ஒரு வாரத்தில் எல்லா மீனுக்கும் வந்துவிட்டது, ஐந்தை இழந்தேன். அன்றிலிருந்து மூடியுள்ள இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். அதற்கான ஸ்பாஞ்ச் ஃபில்டர் எப்போதும் பெரிய தொட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கும், தேவைப்படும்போது எடுத்து டப்பாவில் போடுவேன். புது மீன் அதில் மூன்று வாரம் இருக்கும்.

கவரோடு மீனை டப்பாத் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் மிதக்க விடுங்கள், சூடு சமமாகும். பிறகு கவரைத் திறந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு குவளை டப்பாத் தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. ஆனால் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த கவர் என்றால் இந்த அரை மணி நேரம் ஆபத்து. மூடிய கவரில் மீன் விடும் மூச்சால் தண்ணீரில் அமிலம் ஏறிப் புளித்திருக்கும், அந்தப் புளிப்பில் அம்மோனியாவின் விஷம் அடங்கி இருக்கும். திறந்ததும் புளிப்பு குறைந்து விஷம் ஏறும். அதனால் சூடு சமமானதும் திறந்து உடனே மாற்றிவிடுங்கள்.

மூன்று வாரம் நன்றாகத் தின்று புள்ளியில்லாமல் இருந்தால் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். ஒரு தடவைக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம், ஃபில்டர் அந்தக் கூடுதல் கழிவுக்குப் பழக வேண்டும். சாதுவான மீன்களை முதலில் விடுங்கள், இடம் பிடிக்கும் குணமுள்ளதைக் கடைசியில். விடும் முன் கல்லையும் செடியையும் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தால் பழைய மீன்களுக்கும் வீடு புதிதாகிவிடும், "இது என் மூலை" என்ற சண்டை குறையும். விளக்கை அணைத்துவிட்டு, பழைய மீன்களுக்கு மறுபக்கம் தீனி போடுங்கள்.

முதல் இரண்டு நாள் சும்மா துரத்துவது சகஜம். மூன்றாம் நாளும் ஒரே மீன் ஒளிந்துகொண்டு தின்ன வராமல் இருந்தால், துடுப்பு கிழிந்தால், பிரித்துவிடுங்கள். போன மாதம் வாங்கிய மூன்று கப்பிகளில் ஒன்றை அப்படித்தான் எடுத்தேன். இப்போது அது டப்பாவில் இருக்கிறது, வால் பாதி வளர்ந்துவிட்டது.