முனைவுள்ள திரவங்களின் மின்காப்பு மாறிலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களின் குறிப்பேடுகளைப் புரட்டும்போதெல்லாம் என் பழைய பிழைகளையே மறுபடி பார்க்கிறேன். கலனைச் சரியாகக் கழுவாதது, அலகை மாற்றி எழுதியது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகச் சரியாகிவிடும்.

தனி மூலக்கூறை வைத்துத் திரவத்தைக் கணிப்பது

அசிட்டோனின் இருமுனைத் திருப்புத்திறன், அதாவது ஒரு மூலக்கூறில் நேர், எதிர் மின்னூட்டங்கள் பிரிந்திருக்கும் அளவு, சுமார் 2.9 டிபை (இதன் அலகு), நீருக்கு 1.85தான். ஆனால் மின்புலத்தைத் திரவம் எத்தனை மடங்கு குறைக்கிறது என்று சொல்லும் மின்காப்பு மாறிலி, 25 பாகை செல்சியஸில் நீருக்கு 78, அசிட்டோனுக்கோ 21. நீரின் மூலக்கூறுகள் சிறியவை, நெருங்கி இருப்பவை என்பது ஒரு பகுதிக் காரணமே. ஹைட்ரஜன் பிணைப்பால் அண்டை மூலக்கூறுகள் ஒத்த திசையில் சாய்வதும் சேர்ந்துதான் அந்த 78. இந்த ஒத்திசைவைத்தான் 1939-இல் வேதியியலாளர் கிர்க்வுட் ஒரு காரணியாக எழுதினார்.

மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இணைந்தால் மாறிலி கூடும் என்று நம்புவது

இதை இன்று யாராவது எழுதிக் காட்டினாலும் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதற்கு நான் பல வாரங்களைப் பறிகொடுத்திருக்கிறேன். அசிட்டிக் அமிலத்தை அளந்துகொண்டிருந்தேன். அறை வெப்பநிலையில் மாறிலி 6-ஐ ஒட்டியே வந்தது. இவ்வளவு வலுவாக இணையும் திரவத்துக்கு இவ்வளவு குறைவா? சூடேற்றினால் குறைவதற்குப் பதிலாக மெல்ல ஏறியது. கருவியைச் சந்தேகித்தேன், மாதிரியை மறுபடி வடித்தேன், கலனையே மாற்றினேன். எண் அசையவில்லை.

திரவம் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அமிலத்தின் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நின்று, இரு ஹைட்ரஜன் பிணைப்புகளால் வளையமாகிவிடுகின்றன. திருப்புத்திறன்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வெப்பம் சில வளையங்களை உடைக்க, மாறிலி உயர்கிறது. மாறாக, என்-மெத்தில்ஃபார்மமைடு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு ஒரே பக்கம் நோக்குவதால் அதன் மாறிலி 180-ஐத் தாண்டுகிறது. இன்னொரு மெத்தில் தொகுதி சேர்ந்த டைமெத்தில்ஃபார்மமைடில் பிணைப்புக்குக் கொடுக்க நைட்ரஜன் மேல் ஹைட்ரஜன் இல்லை. மாறிலி 37-க்கு இறங்கிவிடுகிறது.

எனவே எவ்வளவு இணைகிறது என்று கேட்பதற்கு முன், எந்த வடிவில் இணைகிறது என்று கேளுங்கள்.

டிபை சமன்பாட்டைத் தூய திரவத்தில் பொருத்துவது

வேண்டாம். மாறிலியைத் தனி மூலக்கூறின் திருப்புத்திறனோடு தொடர்புபடுத்தும் அந்தச் சமன்பாடு வாயுவுக்கும், முனைவற்ற கரைப்பானில் நீர்த்த கரைசலுக்கும் உரியது.

ஒரே அதிர்வெண்ணில் அளப்பது

அளக்கக் கொடுக்கும் மாறுதிசை மின்னழுத்தம் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருந்தால், மாசு அயனிகள் மின்முனைகளில் குவிந்து மாறிலியை உப்பிக் காட்டும். அதிர்வெண்ணை உயர்த்தும்போது மதிப்பு சரிந்துகொண்டே போய் ஓரிடத்தில் நிலைத்தால், அந்த நிலைத்த மதிப்பையே எழுதுங்கள்.